வெயில் படாத முதுகு

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டென்ஃபோர்ஸ் குளியல்கூடத்துக்கு வந்த பெண்கள் வழக்கத்தைவிடச் சத்தமில்லாமல் உடை மாற்றிக்கொண்டார்கள். டாக்னிக்கு அது பிடிக்கவில்லை. மற்ற வாரங்களில் காலுறையைக் கழற்றும்போதே புருஷனைத் திட்டத் தொடங்கி, நீராவி அறைக்குள் நுழைவதற்குள் மாமியார்வரை வந்துவிடுவார்கள். பேசாமல் இருக்கிறார்கள் என்றால் பேச ஏதோ இருக்கிறது.

டாக்னி சோலின் அந்த ஊர்க் குளியல்காரி. காகித ஆலைக்காரர்கள் கட்டிய கூடம். வெள்ளிக்கிழமை பெண்களுக்கு, சனிக்கிழமை ஆண்களுக்கு. இரண்டு நாளும் தேய்த்துவிடுவது அவள்தான். நீராவியில் வெந்து வெளியே வந்து மரப்பலகையில் குப்புறப் படுத்தால், சோப்பும் வேர்நார்ப் பிரஷுமாக அவள் ஒரு பிடி பிடிப்பாள். ஆலை மேலாளரும் படுத்திருக்கிறார், அவருக்கு எதிராக வேலைநிறுத்தம் நடத்தியவரும் படுத்திருக்கிறார். மிஷன் வீடு என்று ஊர் சொல்லும் ஜெபக்கூடத்துப் பாதிரியாரும்தான். பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. ஊரில் அவள் அறியாத முதுகு இல்லை. ஆனால் பலகைமேல் கண்டதைப் படிக்கட்டுக்கு வெளியே அவள் கொண்டுபோனதில்லை. யாருக்குத் தழும்பு, யாருக்குக் கன்றிப்போன இடம், எந்தக் கன்றல் விழுந்ததால் வந்தது, எது அப்படி வரவில்லை என்பதெல்லாம் அவளோடு சரி. அந்த ஒரு குணத்துக்காகத்தான் ஊர் அவளிடம் முதுகைக் காட்டியது.

பலகையில் அப்போது பால்கடை ஸ்வேயா படுத்திருந்தாள். மௌனத்தை அவள்தான் உடைத்தாள்.

"டவுன்ல என் சித்தப்பா மக இருக்காள்ல, அவ அந்தப் படத்தைப் பாத்துட்டாளாம்."

"எந்தப் படம்?" என்று தெரியாததுபோல் ஒருத்தி கேட்டாள்.

"அதான், போன கோடையில நம்ம ஊர்ப் பழைய மாளிகையில எடுத்தாங்களே. நான் பாக்கலப்பா. நான் ஏன் பாக்கப்போறேன்?"

"நானும் பாக்கல," என்று சுவரோரம் இருந்தவள் அவசரமாகச் சொன்னாள். "எங்க நாத்தனா பாத்தா."

ஊரில் பாதிப் பேர் மிஷன் வீட்டு விசுவாசிகள். அவர்களுக்குச் சினிமா என்றாலே ஆகாது. நல்ல படமானாலும் ஆகாது. இதுவோ நல்ல படமும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரெஞ்சு நாவல். படித்தவர்கள் வீட்டில்கூட அலமாரியின் பின்வரிசையில் கிடந்த புத்தகம். அதைத்தான் ஸ்டாக்ஹோம்காரர்கள் வண்ணத்தில் எடுத்து மார்ச் மாதம் திரையிட்டிருந்தார்கள். இளம் விதவைச் சீமாட்டி ஒருத்தி, அவளைச் சுற்றி மாவு பூசிய பொய்முடிக்காரர்கள், கதவு சாத்துவதும் திறப்பதுமாகக் கதை.

"சீமாட்டி தொட்டியில குளிக்கறாளாம்," என்றாள் ஸ்வேயா. "பின்னாலேருந்து ரொம்ப நேரம் காட்டறாங்களாம். அது அந்த நடிகையோட முதுகே இல்லையாம். அவளுக்குத் தோள்ல மச்சம் உண்டு, பத்திரிகையில போட்டோ வந்திருக்கு. இந்த முதுகு பால் மாதிரி இருக்காம், ஒரு புள்ளி இல்லையாம்."

"அப்போ யாரோடது?"

"படம் எடுத்தது இங்கே. முதுகு மட்டும் ஸ்டாக்ஹோம்லேருந்து ரயிலேறி வருமா?"

சிரித்தார்கள். பிறகு சுவரோரம் இருந்தவள் குரலைத் தாழ்த்தினாள். "கோடை பூரா அந்த ஆளுங்களுக்குக் காபி ஊத்திக் குடுத்தது யாரு? முன்னாடி வாரம் தவறாம இங்கே வந்தவ, ஷவர் வச்ச வீடு கெடைச்சதும் எட்டிப் பாக்கறதில்லையே, ஏன்? மறைக்கறதுக்கு ஏதோ இருக்கு."

பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இங்கெலாவைத்தான் சொன்னாள். ஆலை அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண், கோடை விடுமுறையில் படக்காரர்களிடம் வேலைக்குப் போயிருந்தாள். தூராவின் மகன் எவெர்ட்டுக்கு நிச்சயமாகி, கோடைத் தொடக்கத்தில் வரும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குக் கல்யாணம். தூராதான் மிஷன் வீட்டுத் தையல் சங்கத் தலைவி. அவள் அந்த நேரத்தில் நீராவி அறையின் மேல்படியில், கதவு திறந்தபடி, எல்லாம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கரண்டித் தண்ணீரைச் சூடான கற்களின்மேல் ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து அவள் முகத்தை மறைத்தது.

"என்ன டாக்னி, தூங்கிட்டியா?" என்றாள் ஸ்வேயா கீழேயிருந்து. "பிரஷ் நின்னுபோச்சு."

"தோல் உரியுது. பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் டாக்னி.

அவள் கை நின்றதை ஸ்வேயா மட்டும்தான் கவனித்தாளா, தூராவும் கவனித்தாளா என்பது அன்று மாலைவரை அவளை அரித்தது. ஏனென்றால் போன ஜூலையில் அந்தத் தொட்டியில் உட்கார்ந்தவள் டாக்னிதான்.

அவள் தேடிப்போன வேலை அல்ல அது. படக்காரர்களுக்குப் பழைய செம்புத் தொட்டியும், வெந்நீர் போடத் தெரிந்தவளும், சீமாட்டியின் முதுகைத் தேய்க்கும் பணிப்பெண்ணின் கைகளும் தேவைப்பட்டன. குளியல்கூடத்தில் மூன்றுமே இருந்தன. கைகள் மட்டும்தான் தெரியும் என்றார்கள். சரி என்று போனாள்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. வாரக்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு வந்த முதல் வெயில். அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள் நோயாளிகளும், கொதிகலனுக்குள் தலையை விட்டுத் துரு சுரண்டிக்கொண்டிருந்த டாக்னியும்தான். ஊர் மொத்தமும் ஏரிக்கரைப் பாறைகளில் கிடந்தது. நடிகையும் கிடந்தாள். திங்கள்கிழமை காலை அங்கியைக் கழற்றியபோது அவள் முதுகு வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது. குறுக்கே நீச்சலுடைப் பட்டையின் வெள்ளைக் கோடுகள்.

டைரக்டர் தாடிவைத்த இளைஞன். தலையில் கைவைத்துக்கொண்டான். "பிரெஞ்சு சீமாட்டி பிகினி போட்டுக்கிட்டுப் பாறையில படுத்திருந்தாளா?"

பவுடர் பூசிப் பார்த்தார்கள். வெந்நீர் பட்டதும் சுண்ணாம்பு மாதிரி வழிந்தது. மாற்றுக்கு, நடிகர்களுக்கு உடை மாட்டிவிடும் உடைப்பெண்களைக் கூப்பிட்டார்கள். அவர்களும் ஏரிக்குப் போனவர்கள். சமையலுக்கு வந்தவள், முடி கட்டுகிறவள், ஒவ்வொருத்தியாக வெட்கப்பட்டுக்கொண்டே கழுத்துப்பட்டியை இறக்கிக் காட்டினாள். எல்லாருக்கும் அதே சிவப்பு, அதே கோடுகள். ஜூலை மாதத்து ஸ்மோலண்ட் பகுதியில் வெயில் படாத ஒரு முதுகு கிடைக்கவில்லை.

அப்போதுதான் ஒப்பனைக்காரி, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்த டாக்னியின் பின்கழுத்தைப் பார்த்தாள். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"இங்கே பாருங்க," என்றாள். "இவங்களுக்கு வெயிலே தெரியாதுபோல."

டைரக்டர் வந்து பார்த்தான். ஸ்டாக்ஹோமில் இப்போது எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அவனும் அப்படியே கூப்பிட்டான். "டாக்னி, நீ உக்காரேன். முகம் வராது. பேரும் வராது."

"எனக்கு வயசு ஐம்பது தம்பி."

"முதுகுக்கு யாரு வயசு கேக்கப்போறா?"

அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று பிற்பாடு தன்னையே பல தரம் கேட்டிருக்கிறாள். புருஷன் எய்னார் நல்ல மனிதன். இறந்து வெகுகாலம் ஆகிறது. விளக்கை அணைக்காமல் அவன் ஒருநாளும் அருகில் வந்ததில்லை. அவளும் அணைக்காதே என்று சொன்னதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக ஊர் முதுகைத் தேய்த்தவளின் முதுகை யாரும் தேய்த்ததில்லை, பார்த்ததும் இல்லை. எல்லாரும் போன பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தானே ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு மேலேயுள்ள தன் அறைக்குப் போவாள். அந்தத் தொட்டித் தண்ணீரின் சூடு சரியாக இருந்தது, அவளே கலந்தது. அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்த காரணம்.

பணிப்பெண்ணாக ஓர் உடைப்பெண் தேய்த்தாள். டாக்னியால் பொறுக்க முடியவில்லை. "அழுத்தித் தேய்மா. பூனையைத் தடவற மாதிரி தடவாதே."

"பேசாதே!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள்.

முடிந்ததும் டைரக்டர் கை குலுக்கினான். ஆனால் ஒன்று சொன்னான். "வெளிச்சம் கொஞ்சம் சந்தேகமா இருக்கு. சரியா வரலேன்னா ஸ்டாக்ஹோம்ல வேற ஆளை வச்சு மறுபடியும் எடுத்துடுவோம்."

ஈரத் தலையோடு அவள் சமையல்கட்டு வழியாக வெளியே வந்தபோது படியில் இங்கெலா காபித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் பார்வை டாக்னியின் கூந்தலில் ஒரு நொடி நின்றது. குளியல்காரிக்குத் தலை ஈரமாக இருப்பது அதிசயமா என்று அன்று நினைத்தாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

புதன்கிழமை பல் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் ஸ்டென்ஃபோர்ஸ் பெண்கள் ஆங்காங்கே தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் எல்லாருக்கும் பல்வலி. அவரவர் ஒவ்வொரு தெருவில் இறங்கிப் பிரிந்தார்கள். கொட்டகைக்குள் இருட்டில் அவள் ஓரமாக ஓர் இருக்கையைப் பிடித்தாள். முன்னால் தலைத்துணிகள் தெரிந்தன. யார் யார் என்று அவள் ஆராயவில்லை. பார்க்கிறவளைத்தான் மற்றவர்களும் பார்ப்பார்கள்.

தொட்டி வந்தது. மெழுகுவத்தி வெளிச்சம். பிறகு முதுகு, கொட்டகைச் சுவர் அகலத்துக்கு.

ஒரு விஷயம் உடனே தெரிந்தது. இங்கெலாவுடையது இல்லை. சின்ன வயதில் அவள் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் துளைபோட்டு வடித்தார்கள். விலாவுக்குக் கீழே அந்தத் தழும்பு இருக்கும். திரையில் அந்த இடம் வழவழவென்று இருந்தது.

ஆனால் தன்னுடையதா? டாக்னி முன்னால் சாய்ந்து பார்த்தாள். ஊரில் எந்த முதுகைக் காட்டினாலும் பேர் சொல்லக்கூடியவளுக்கு இது யாரென்று தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். அழகாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. இவ்வளவு அழகாக இருக்க வாய்ப்பில்லை, ஸ்டாக்ஹோமில் வேறு யாரையோ வைத்து எடுத்திருப்பான். தேய்க்கிற கைகளைப் பார்த்தாள். அழுத்தித் தேய்த்தன. அவள் சொன்னதால் அழுத்தினவையா, வேறு கைகளா? அந்தக் காட்சி முடிந்து, பொய்முடிக்காரன் ஒருவன் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். தோள்பட்டை ஒன்று வந்தது. பிறகு இடுப்பு. துண்டு துண்டாக யாரோ ஒருத்தி வந்தாள். அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம், கூடத்தில் ஆளில்லாத நாளில், அவள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது இங்கெலா வந்தாள். கதவைச் சாத்திவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"அத்தை, உங்களுக்கும் காது இருக்குல்ல."

"இருக்கு."

"தூரா அம்மா கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம்னு சொல்றாங்க. தள்ளிவைக்கறதுன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். எவெர்ட் என்னை நம்பறேன்கிறான். நம்பறேன்னுட்டு, 'ஆனாலும்'ங்கிறான். அந்த ஆனாலும்தான் எனக்குத் தாங்கலை."

டாக்னி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "உனக்குத் தழும்பு இருக்கே. ஒரு வெள்ளிக்கிழமை வந்து பலகையில படு. பாத்துட்டுப் போகட்டும்."

"ஸ்வேயா அதுக்கும் பதில் வச்சிருக்கா. சினிமாக்காரங்க பூசி மறைச்சிருப்பாங்களாம்." இங்கெலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் போகட்டும். நான் செய்யாததுக்கு நான் ஏன் அத்தை துணியை அவுத்துக் காட்டணும்? செஞ்சவ ஒருத்தி இருப்பால்ல? அவ காட்டட்டுமே."

டாக்னி அவள் கண்ணைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள், ஈரக் கூந்தலைப் பார்த்தவள் இவள். அல்லது ஒன்றும் தெரியாமல் அழுத வாயில் வந்ததைச் சொல்கிறாள். எது?

"அன்னிக்கு நீ காபி கொண்டுவந்தப்போ உள்ளே யாரு இருந்தாங்கன்னு பாத்தியா?" என்று மெல்லக் கேட்டாள்.

"கதவு சாத்தியிருந்துச்சு," என்றாள் இங்கெலா. "நீங்க சொன்னா ஊர் நம்பும். எங்க எல்லாரையும் பாத்தவங்க நீங்க. அது இங்கெலா இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

வேற எதுவும் நான் கேக்கல. அந்த வார்த்தையை டாக்னி இரண்டு நாள் மென்றாள். மிரட்டலாகவும் இருந்தது, கெஞ்சலாகவும் இருந்தது. தன்னைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கூடத்தை நடத்தும் குழுவில் பாதிப்பேர் மிஷன் வீட்டு ஆண்கள். கேமராவுக்கு முன்னால் துணியில்லாமல் உட்கார்ந்தவளிடம் தங்கள் பெண்டுகளை அனுப்புவார்களா? வேலையோடு கூடத்துக்கு மேலேயுள்ள அறையும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை போகும்.

முதலில் பாதி வழி போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாள். பால்கடைக்குப் போய், தயிர் கேட்கிற சாக்கில் சொன்னாள்.

"ஸ்வேயா, அது இங்கெலா இல்லை."

ஸ்வேயாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "எது?"

"அந்த முதுகு."

"உனக்கெப்படித் தெரியும்? படம் பாத்தியா?"

"என் பல்லு..." என்று தொடங்கி நிறுத்தினாள் டாக்னி. "அவ முதுகு எனக்குத் தெரியும். பாத்தவங்க சொன்ன அடையாளம் ஒத்துவரல."

"முப்பது வருஷமா ஒருத்தி முதுகைப் பத்தியும் நீ வாயைத் திறந்ததில்லே," என்றாள் ஸ்வேயா, அவளை ஏற இறங்கப் பார்த்து. "இவளுக்கு மட்டும் திறக்கிறே. அவ உன்னைப் பாக்க வந்தாளாமே, ஆளில்லாத நாள்ல?"

சாயங்காலத்துக்குள் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. குளியல்காரியே பரிந்து பேசுகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நெருப்பில்லாமல் புகையுமா? உதவி செய்யப் போய் டாக்னி குழியை இன்னொரு முழம் ஆழப்படுத்தியிருந்தாள். எவெர்ட் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அம்மாவோடு மட்டும் போனான் என்று கேள்விப்பட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் நிறையவே வந்தார்கள். தூராவும் வந்தாள். அவள் வருகிற நேரம் எப்போதும் ஒன்றுதான். முடியை இறுக்கிப் பின்னி, துணிகளை நான்காக மடித்து வைத்துவிட்டு, நேரே மேல்படிக்குப் போவாள். டாக்னி காத்திருந்தாள். தூராவைத் தவிர எல்லாரும் வெந்து, சிவந்து, கழுவும் அறைக்கு வந்து பெஞ்சுகளில் சாய்ந்த பிறகு, "அடுத்தது யாரு?" என்று கேட்கவில்லை. ஈரம் படாமலிருக்கப் போட்டிருந்த ரப்பர் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். பிறகு வேலை உடையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.

பேச்சு நின்றது. குளியல்காரி உடையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

உடையை மடித்து வைத்துவிட்டு, பலகையின் விளிம்பில், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் டாக்னி. கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போன கோடையில அந்தத் தொட்டியில உக்காந்தது நான்," என்றாள் எதிர்ச்சுவரைப் பார்த்து. "இங்கெலா காபிதான் கொண்டுவந்தா. நான் உக்காந்தேன். ஆனா படத்துல இருக்கிறது என்னோடதா, வேற யாரையாவது வச்சு மறுபடி எடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. என்னால பாக்க முடியாது. நீங்கதான் பாக்க முடியும். பாத்துச் சொல்லுங்க."

ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முதுகில் கண்கள் மேய்வதை அவள் உணர்ந்தாள். இவ்வளவு நேரம் அவளை யாரும் பார்த்ததில்லை, கேமராகூட இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு ஏன் என்று உறைத்தது. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், சொல்கிறவள் படத்தைப் பார்த்தவளாகிவிடுவாள். சித்தப்பா மகள்களும் நாத்தனார்களும் இந்த அறையில் இல்லை. பல்வலிக்காரிகள் எல்லாரும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இது நினைத்துப் பார்க்காத முட்டாள்தனம் என்று டாக்னிக்குப் பட்டது. வேலையும் போச்சு, அந்தப் பெண்ணுக்கும் பிரயோஜனமில்லை.

"நாங்க எப்படிச் சொல்றது?" என்றாள் ஸ்வேயா கடைசியில். "நாங்கதான் பாக்கலையே."

மேல்படியிலிருந்து காலடிகள் இறங்கி வந்தன. ஈரத் தரையில் நிதானமாக நடந்து பலகைக்குப் பின்னால் நின்றன. சூடான மூச்சு டாக்னியின் கழுத்தில் பட்டது.

"இதுதான்," என்றாள் தூரா.

யாரோ ஒருத்தியின் கையிலிருந்து சோப்பு நழுவி விழுந்தது.

"சகோதரி தூரா..." என்றாள் சுவரோரம் இருந்தவள். "நீங்க..."

"நான் பாத்தேன்," என்றாள் தூரா. தையல் சங்கத்தில் அடுத்த கூட்டம் எப்போது என்று அறிவிக்கும் அதே குரல். "என் மகன் கட்டிக்கப்போற பொண்ணைப் பத்தி ஊர் ஒண்ணு சொன்னா, நான் போய்ப் பாக்காம யார் வார்த்தையை நம்பறது? உன் நாத்தனார் வார்த்தையையா? பாத்தேன். இந்த முதுகுதான். யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லட்டும். ஆனா சொல்றவ, தான் எங்கே பாத்தேங்கிறதையும் சேத்துச் சொல்லணும்."

யாருக்கும் சந்தேகம் இல்லை. சற்று நேரத்தில், "ஆமாமா, அந்தத் தோள் வளைவு," என்று ஒருத்தி முணுமுணுத்தாள். "எங்க நாத்தனார் சொன்ன மாதிரியே இருக்கு," என்றாள் இன்னொருத்தி. ஸ்வேயா கிட்டே வந்து, தலையைச் சாய்த்து, துணி வாங்குகிறவள்போல் பார்த்தாள். "அடிப்பாவி டாக்னி. இந்த வயசுல இப்படி ஒரு முதுகை வச்சுக்கிட்டு எங்களோடதைத் தேய்ச்சுக்கிட்டிருந்தியே." ஒருத்தி சிரித்தாள், அது மற்றவர்களையும் தொற்றிக்கொண்டது.

"குளியல்கூடத்துக் குழுவுல என் வீட்டுக்காரர் இருக்கார்," என்றாள் தூரா, சிரிப்பு அடங்கியதும். "அவர்கிட்டே யாரும் எதையும் கொண்டுபோக வேண்டாம். அவர்கிட்டே ஏதாவது போச்சுன்னா, யாருக்கு எந்தப் புதன்கிழமை பல்லு வலிச்சுதுன்னு நானும் கொண்டுபோவேன். இங்கெலாவை நான் இன்னிக்கே போய்ப் பாக்கறேன்."

டாக்னி உடையைப் போட்டுக்கொண்டாள். ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். தூரா எதுவும் நடக்காததுபோல் பலகையில் குப்புறப் படுத்தாள். வருஷக்கணக்காக டாக்னி அறிந்த முதுகு அது. வலது தோளின் கீழ் ஒரு பழைய வரி. எப்படி வந்தது என்று டாக்னி கேட்டதில்லை, தூரா சொன்னதில்லை. சோப்பைத் தடவினாள்.

மற்றவர்கள் உடை மாற்றப் போன பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், குனிந்து கேட்டாள்.

"தூரா அம்மா. நிஜமாவே என்னோடதுதானா?"

தூரா கன்னத்தைப் பலகையில் வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள்.

"அழகாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அது விடையா? டாக்னி பிரஷை ஓட்டிக்கொண்டே யோசித்தாள். இவள் உண்மையிலேயே போய்ப் பார்த்திருந்தால், இத்தனை நாள் மிஷன் வீட்டில் பார்க்காதவளாக உட்கார்ந்திருந்தாள். பார்க்கவே இல்லை என்றால், இப்போதுதான் இந்த அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு பொய் சொல்லி, மகன் கல்யாணத்தை நிறுத்திவைத்திருந்த கல்லைப் புரட்டிவிட்டாள். இரண்டில் எந்தப் பாவத்தைத் தூரா தேர்ந்தெடுத்தாள் என்று அவள் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று டாக்னி பார்த்தாள். முடியவில்லை. தசை தளர்ந்து, மூச்சு சீராக, அது தூங்குகிற முதுகைப்போல் இருந்தது.

"சூடு போதல," என்றாள் தூரா, கண்ணைத் திறக்காமல்.

டாக்னி வாளியை எடுக்கத் திரும்பினாள்.